650 வெள்ளிச் சம்பளத்தில் பணக் கல்வி எதற்கு? தமிழ்ப் பணிப்பெண்களுக்கான ஞாயிறு வகுப்பு பற்றி

ஜூன் 8, கேட்டவர்

சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்களுக்கு ஓய்வு நாளில் பணத்தைக் கையாளும் வகுப்புகள் நடக்கின்றன. தமிழில் ஒன்று தொடங்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம். 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கி, முக்கால்வாசியை ஊருக்கு அனுப்புகிற பெண்ணுக்குக் குறைவது காசுதானே தவிர அறிவு இல்லை. அவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது அவமதிப்பு ஆகாதா?

ஜூன் 8 இரவு, வகுப்பு நடத்துபவர்

சிக்கனம் பேசினால் அவமதிப்புதான். ஆகவே அதைப் பேசக்கூடாது. மாதம் 50 வெள்ளியில் கைபேசி, சோப்பு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எல்லாவற்றையும் முடிக்கிறவருக்கு நாம் சொல்லித்தர அதில் ஒன்றும் இல்லை.

காசு போவது வேறு வழிகளில். விமானம் ஏறுவதற்கு முன்பே ஏறிய கடன் ஒன்று. ஊரில் இன்னொருவர் கையில் இருக்கும் வங்கிக் கணக்கு இரண்டாவது. மாதம் தவறாமல் வரும் "அவசரம்" மூன்றாவது. இந்த மூன்றுக்கும் அறிவு வேண்டும், தாளும் எண்ணும் வேண்டும். இவருக்கு இங்கே மத்திய சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) கிடையாது. வேலை நியமனச் சட்டமும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமும் இல்லப் பணியாளர்களை உள்ளடக்கவில்லை. பதினைந்து ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்பினாலும், அவரே சேர்த்து வைக்காவிட்டால் அவர் பெயரில் ஒரு காசு இருக்காது.

ஜூன் 9, கேட்டவர்

முகவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்க முடியாது. அப்புறம் எப்படி ஆறு மாதம், ஏழு மாதம் பிடித்தம் போகிறது?

ஜூன் 9, கணக்காளர்

இரண்டும் வேறு வேறு. இங்குள்ள முகவர் வாங்கும் கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்றாலும் இரண்டு மாதத்தோடு நிற்க வேண்டும். அதற்கு வெளியே ஊரில் நடந்த பயிற்சி, மருத்துவச் சோதனை, பயணம், ஊர்த் தரகருக்குப் போனது எல்லாம் சேர்ந்து தனிக் கடனாகி நிற்கிறது. முதலாளி அதை முன்கூட்டியே முகவரிடம் கட்டிவிட்டு, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தெரிவது "ஆறு மாதம் சம்பளம் இல்லை" என்பது மட்டும்.

சேர்ந்த ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையிலிருந்து நிறுத்தினால், முகவர் தான் வாங்கிய கட்டணத்தில் பாதியாவது திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் எந்தப் பாதியைக் கேட்பது? முதல் வகுப்பிலேயே ரசீது பற்றிப் பேசிவிடுங்கள்.

பணிப்பெண்ணை வைத்திருக்க அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளியோ சலுகை விலை 60 வெள்ளியோ, அது முதலாளியின் செலவு. 5,000 வெள்ளி உத்தரவாதத் தொகையும் காப்புறுதியும் அப்படியே. அதில் எதையும் பணிப்பெண் தலையில் ஏற்றக்கூடாது.

ஜூன் 9 இரவு, வகுப்பு நடத்துபவர்

இந்தக் கடனைத் தொட்டே முதல் வகுப்பு இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தாள். மேலே மொத்தக் கடன், அடுத்து மாதப் பிடித்தம், அடுத்து கையில் வருவது, கடைசியில் பிடித்தம் முடியும் மாதம். கடைசி வரியைப் பலரால் நிரப்ப முடியாது. முகவரிடமோ முதலாளியிடமோ கேட்டு வந்து அடுத்த வகுப்பில் நிரப்பினால், கேட்கும் பழக்கமும் அதோடு வந்துவிடும்.

அந்த மாதம் ஏன் முக்கியம்? அதுவரை 50 வெள்ளியில் வாழ்ந்தவர் கையில் திடீரென்று முழுச் சம்பளம் வருகிறது. ஊரிலும் அந்த மாதத்தை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முழுத்தொகையும் ஒரு முறை ஊருக்குப் போய்விட்டால், அடுத்த மாதம் குறைத்து அனுப்புவது குடும்பச் சண்டையாகிறது. ஆகவே பிடித்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, எவ்வளவு அனுப்பப் போகிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. பாதியில் வேறு முதலாளிக்கு மாறினால் புதுக் கட்டணம் ஏறும். மாற வேண்டிய நியாயமான காரணம் இருந்தால் மாறத்தான் வேண்டும். ஆனால் தோழிக்கு 30 வெள்ளி கூடுதல் என்பதற்காக மாறுகிறவர், புதுப் பிடித்தத்தை அந்த 30-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். 650 பிடித்தால் திரும்ப எடுக்க இருபத்திரண்டு மாதம்.

ஜூன் 11, வகுப்பு நடத்துபவர்

கணக்குப் பலகையில் போட ஓர் எடுத்துக்காட்டு. சம்பளம் 650, பிடித்தம் முடிந்துவிட்டது, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் 18 மாதம் மீதி.

ஊருக்கு 350. தன் பெயரில் சேமிப்பு 200. கைபேசிக்கும் ஓய்வு நாளுக்கும் 60. அவசரத்துக்கு 40.

18 மாதத்தில் சேமிப்பு 3,600, அவசரப் பணம் 720. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் பெரிதாக எழுதுங்கள். "சேமியுங்கள்" என்று நூறு முறை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

வரிசையையும் கவனியுங்கள். சம்பளம் வந்த அன்றே 200 தனிக் கணக்குக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது.

ஜூன் 11, கேட்டவர்

தனிக் கணக்கு என்கிறீர்கள். பல வீடுகளில் "உன் காசு என்னிடம் பத்திரமாக இருக்கட்டும்" என்று முதலாளியே வைத்துக்கொள்கிறாரே? அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை.

ஜூன் 12, கணக்காளர்

நல்ல எண்ணம் இருந்தாலும் 2019 ஜனவரி 1 முதல் அதற்கு அனுமதி இல்லை. பணிப்பெண்ணின் சம்பளத்தையோ வேறு பணத்தையோ முதலாளி பாதுகாத்து வைப்பது வேலை அனுமதி நிபந்தனைக்கு எதிரானது. சம்பளம் மாதம் ஒரு முறையாவது, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வந்துசேர வேண்டும். வங்கிக் கணக்கில் போடச் சொல்லிப் பணிப்பெண் கேட்டால் முதலாளி அப்படித்தான் போட வேண்டும்.

குறைந்தபட்ச இருப்பு கேட்காத சம்பளக் கணக்காகப் பார்த்துத் திறக்க வேண்டும். கடவுச்சீட்டும் வேலை அனுமதி அட்டையும் கையில் இருக்கட்டும். ரொக்கமாக வாங்குகிறவர் சம்பளப் பதிவில் தொகையும் தேதியும் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளிலோ, பல மாதத்துக்குச் சேர்த்தோ போடக்கூடாது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால், பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி.

ஜூன் 15, வகுப்பு நடத்துபவர்

ஜூன் 11-இல் போட்ட பங்கீடு ஊரில் வட்டிக் கடன் இல்லாதவருக்கு. கடன் இருந்தால் அந்த 200 சேமிப்புக்குப் போகக்கூடாது, கடனுக்குத்தான் போக வேண்டும். இதை விட்டுவிட்டுச் சேமிப்பைப் புகழ்ந்தால் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்கிறோம்.

கணக்கு இது. ஒரு லட்சம் ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. "மூணு வட்டி" என்று கேட்டால் சின்னதாக இருக்கும். ஆண்டுக்கு 36 விழுக்காடு. மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டும். இரண்டு ஆண்டில் 72,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே ஒரு லட்சமாக நிற்கும். அதே ஒரு லட்சத்தை 7 விழுக்காட்டில் வைப்பு வைத்தால் மாதம் வருவது 583 ரூபாய். 583-ஐச் சம்பாதிக்க 3,000-ஐ விடுகிறோம்.

வட்டியோடு ஒவ்வொரு மாதமும் அசலில் எவ்வளவு குறைந்தது என்று கடன் கொடுத்தவரிடம் எழுதி வாங்க வேண்டும். ஊரில் கட்டுகிறவர் சும்மா "கட்டிட்டேன்" என்றால் போதாது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து அந்தக் கந்துவட்டியை மொத்தமாக அடைத்துவிட்டு, குறைந்த வட்டியைக் கட்டிக்கொண்டு போகலாம். நகை சும்மா பெட்டியில் தூங்க, கடன் 36 விழுக்காட்டில் வளர்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதும் வகுப்பில் சொல்லத்தக்கது.

ஜூன் 16, கேட்டவர்

இன்று சர்வதேச இல்லப் பணியாளர் நாள். அது கிடக்கட்டும். 200 வெள்ளியை "தன் பெயரில்" என்றால் இங்கேயா, ஊரிலா?

ஜூன் 16, வகுப்பு நடத்துபவர்

கடன் இல்லாதவர் அவசரப் பணத்தை இங்கேயும், நீண்ட காலச் சேமிப்பை ஊரிலும் வைக்கலாம். ஊரில் வைப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கணக்கு அவர் பெயரில்தான் இருக்கும். ஏடிஎம் அட்டை அண்ணனிடம். கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணும் அண்ணன் கைபேசியில். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அவருக்குத்தான் போகிறது. அப்படியானால் அந்தக் கணக்கு யாருடையது? அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஓர் அவசரம் வரும்போது எடுக்கக்கூடிய பணம் அது என்றாகிவிடுகிறது.

சிம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும், பிறகு வேறொருவருக்கும் அது ஒதுக்கப்படும். ஊர் சிம்மைக் கையோடு கொண்டுவந்து, குறுஞ்செய்தி வருகிற அளவுக்காவது உயிரோடு வைத்திருக்க வேண்டும். வங்கி ஒத்துக்கொண்டால் சிங்கப்பூர் எண்ணையே இணைத்துவிடுவது இன்னும் நல்லது.

ஜூன் 17, கணக்காளர்

இந்தியாவிலிருந்து வருகிறவருக்குக் கணக்கின் வகையும் மாற வேண்டும். வெளிநாட்டில் வேலைக்கு வந்துவிட்டவர் ஊரில் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக்கூடாது. பழைய கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியர் ஊர் வருமானத்தை வைக்கும் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானத்தை வைக்கும்) கணக்கு. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, பணத்தை மறுபடி வெளிநாட்டுக்கு எடுக்கவும் தடை இல்லை. ஊரில் உள்ள நெருங்கிய உறவினரைச் சேர்க்க வேண்டுமென்றால் "முன்னவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் சேர்க்கலாம். முதல் பெயராக இவர் இருக்கும்வரை பணம் இவர் கட்டுப்பாட்டில். நியமனதாரர் (இவருக்குப் பின் பணத்தைப் பெறுகிறவர்) பெயர் எழுத மறக்க வேண்டாம்.

வங்கிக்கு வங்கி குறைந்தபட்ச இருப்பு மாறும். இருப்புக் குறைந்தால் அபராதம் பிடிப்பார்கள். இரண்டு மூன்று வங்கியில் கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. வீட்டு மனையோ வீடோ வாங்கலாம். நிறையப் பேர் வயல் வாங்கத்தான் பணம் அனுப்புகிறார்கள், பத்திரம் தம்பி பெயரில் பதிவாகிறது. பணம் இவருடையது என்பதற்கு அந்தப் பத்திரத்தில் ஒரு சொல்கூட இருக்காது. வயல்தான் வேண்டும் என்றால் பணத்தை வைப்பில் போட்டுவைத்து, நிரந்தரமாகத் திரும்பிய பிறகு தன் பெயரில் வாங்கட்டும்.

மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் தமிழ்நாடு அரசின் இணையதளங்களில் தானே பார்க்கலாம். அதை ஒரு வகுப்பாகவே வைக்கலாம். தன் சார்பில் வாங்க ஊரில் ஒருவருக்கு இங்கிருந்து அதிகாரப் பத்திரம் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, ஊர் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். "இந்தச் சர்வே எண்ணை வாங்க மட்டும்" என்று குறுக்கி எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம் வேண்டவே வேண்டாம்.

ஜூன் 17, கேட்டவர்

இலங்கையிலிருந்து வருகிறவர்கள்?

ஜூன் 18, வகுப்பு நடத்துபவர்

மலையகப் பெண்கள் வகுப்பில் இருந்தால் கணக்குப் பாடத்தைத் தனியாக எடுங்கள். இந்திய விதிகளை அவர்கள் முன்னால் நீட்டி முழக்குவதில் பயனில்லை. அங்கே வெளிநாட்டு நாணயத்திலேயே பணம் வைக்கலாம். 2017-இன் சட்ட மாற்றத்துக்குப் பிறகு அது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு எனப்படுகிறது. 2022-இல் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. ரூபாயாக மாற்றி வைத்தவரின் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது, டாலராக வைத்தவருக்குக் கரையவில்லை. அந்த ஆண்டு உண்டியல் வழியில் (வங்கி இல்லாமல் தரகர் மூலம் பணம் அனுப்புவது) கூடுதல் விலை கிடைத்தது என்று இன்றும் சொல்வார்கள். பணம் வராமல் போனால் யாரிடமும் முறையிட முடியாத வழி அது.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வந்தவருக்குக் காப்புறுதி உண்டு. பதிவுச் சான்றின் படம் கைபேசியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஜூன் 22, வகுப்பு நடத்துபவர்

பணம் அனுப்புவது. "கட்டணமே இல்லை" என்ற பலகையைப் பார்த்துப் போகிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சந்தை விலை ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 வெள்ளி அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லாத கடை 64.20 தருகிறது: 25,680 ரூபாய். இன்னொரு கடை 3 வெள்ளி கட்டணம் எடுத்துக்கொண்டு 64.90 தருகிறது: 397-ஐப் பெருக்கினால் 25,765 ரூபாய். கட்டணம் வாங்கியவரே 85 ரூபாய் மலிவு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "400 வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கையில் விழும்?"

ஆனால் அதே 400-ஐ நான்கு தடவையாக அனுப்பினால் 12 வெள்ளி கட்டணம், கணக்கு தலைகீழ். மாதம் ஒரே முறை அனுப்பும் பழக்கம் கட்டணத்தையும் குறைக்கும், நடுமாத அவசரங்களையும் குறைக்கும்.

கடை சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றதா என்பதை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். 2023 பிப்ரவரி 21 முதல் கைபேசியில் பணம் அனுப்பும் முறைகளான சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யூபிஐ இரண்டும் இணைந்திருக்கின்றன. அந்த வசதி உள்ள வங்கியில் கணக்கு இருந்தால் அதன் விலையையும் ஒப்பிடலாம்.

ஜூன் 22 மாலை, கேட்டவர்

எல்லாம் சரி. ஊரிலிருந்து தொலைபேசி வந்து அம்மா அழுதால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

ஜூன் 23, வகுப்பு நடத்துபவர்

நிற்காது. அதனால்தான் அழைப்பு வருவதற்கு முன்பே வேலை நடந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு நாட்காட்டியை விரித்து, வருவது தெரிந்த செலவை எல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வைகாசிக் கல்யாணங்களுக்கு மொய். "அவசரம்" என்று வருவதில் பெரும்பகுதி இந்த நாட்காட்டியிலேயே இருக்கும். தேதி தெரிந்த செலவு அவசரம் இல்லை. ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஊருக்கு அனுப்பும் 350-க்குள்ளேயே அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

மிஞ்சுவது நோய், சாவு. அதற்குத்தான் அந்த 40. தமிழ்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அட்டைக்குத் தகுதி இருந்தும் எடுக்காமல், மருத்துவமனைச் செலவு வந்ததும் வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் உண்டு.

பிறகு ஒத்திகை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தம்பி, ஒருவர் அக்கா. தம்பி பைக் கேட்கட்டும். "முடியாது" என்பதைச் சொல்லவே வராது. "இந்த மாதம் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டேன், அடுத்த முதல் தேதிக்குப் பார்க்கலாம்" என்பது வாயில் வரும். வகுப்பிலேயே அழுகிறவர்கள் உண்டு. நேரம் கொடுங்கள். இந்த ஒத்திகைக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம், மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

ஜூன் 25, கணக்காளர்

கடன் வலை பற்றி யாரும் எழுதவில்லை. உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில், ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் கீழே உள்ள வெளிநாட்டவர் மொத்தம் 500 வெள்ளிதான் வாங்க முடியும். வட்டி மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. அதற்கு மேல் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவன் ஆலோங், அதாவது உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரன். தோழிக்காகத் தன் அட்டை நகலைக் கொடுத்தவர் வீட்டுக்கும் அவன் அழைப்பான். முதலாளிக்கு அழைப்பு வந்த மறுநாளே வேலை போன கதைகள் ஏராளம்.

ஏடிஎம் அட்டையைச் சில நூறு வெள்ளிக்கு "வாடகைக்கு" கேட்பதும் உண்டு. அந்தக் கணக்கில் மோசடிப் பணம் ஓடினால் வழக்கு இவர் மேல். மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறேன் என்று கடவு எண் கேட்டால் உடனே வைத்துவிட்டு 1799 மோசடித் தடுப்பு எண்ணைக் கூப்பிட வேண்டும். பணிப்பெண்களுக்கான அமைச்சின் எண் 1800 339 5505. இரண்டையும் வகுப்பில் வைத்தே கைபேசியில் பதியச் செய்யுங்கள்.

ஜூன் 29, கேட்டவர்

சரி, என் தயக்கம் போய்விட்டது. தையல், கேக், அழகுக்கலை போன்ற தொழிலையும் சேர்த்தால்தான் கூட்டம் வரும் என்கிறார்கள். அங்கே கற்றுக்கொண்டதை ஞாயிற்றுக்கிழமை விற்றால் கொஞ்சம் வருமானமும் ஆகுமே?

ஜூன் 29, வகுப்பு நடத்துபவர்

விற்கவே கூடாது. வேலை அனுமதி அந்த ஒரு முதலாளியின் வீட்டு வேலைக்கு மட்டும். கேக் விற்றாலும், இணையத்தில் சேலை விற்றாலும், வேறு வீட்டில் இரண்டு மணி நேரம் துடைத்தாலும் அனுமதியற்ற வேலை. அனுமதி ரத்தாகும், திரும்பி வரவும் முடியாது. தொழில் வகுப்பின் முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

தொழிற்கல்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஊருக்கான தயாரிப்பு. தையல் தெரிவதைவிட, தன் ஊர்க் கடைத்தெருவில் எத்தனை தையல்காரர் இருக்கிறார்கள், ஒரு ரவிக்கைக்கு என்ன வாங்குகிறார்கள், மாதம் எத்தனை தைத்தால் வாடகையும் மின்கட்டணமும் போய் கையில் நிற்கும் என்பது முக்கியம். விடுப்பில் ஊர் போகும்போது இந்த விவரங்களை எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் லாபம் வராது என்று வைத்து, வீட்டுச் செலவுக்கான ஆறு மாதப் பணமும் கடை முதலும் தனித்தனியாகச் சேர்ந்த பிறகே திரும்பும் தேதியைக் குறிக்கலாம்.

ஜூலை 2, வகுப்பு நடத்துபவர்

நடைமுறை. 2023 முதல் மாதம் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, விட்டே ஆக வேண்டும். பலருக்கு நிச்சயமாகக் கிடைப்பது அந்த ஒன்றுதான். ஆகவே ஒரே பாடத்தை அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு எடுங்கள், எதற்கு வந்தாலும் சரி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவர்களுக்கு அது ஓய்வு நாள். தோழிகளைப் பார்க்கவும் தூங்கவும் நேரம் வேண்டும். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் ஒருவர் கடனை இன்னொருவர் முன் பேசமாட்டார்கள்.

கணினி தேவையில்லை, கைபேசியே போதும். தவறவிட்டவருக்கு ஐந்து நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார்கள். எட்டாம் வகுப்பு வரையாவது படித்தவர்கள்தான் வருகிறார்கள், எழுத்து பிரச்சினை இல்லை. வங்கிச் செயலியின் ஆங்கிலம்தான் பிரச்சினை. திரையைப் படம் எடுத்து, ஒவ்வொரு பொத்தானின் மேலும் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்.

தமிழ் வகுப்பு முடித்து மேலே படிக்க விரும்புகிறவரை, 2006-இல் தொடங்கிய, பணிப்பெண்களுக்குப் பணம் கையாளக் கற்றுத்தரும் ஐதா போன்ற அமைப்புகளின் நீண்ட பாடத்துக்கு அனுப்பலாம். நாமே எல்லாவற்றையும் நடத்த வேண்டியதில்லை.

ஜூலை 6, கேட்டவர்

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதம் கிளம்புகிற ஒருவர் சேரலாமா என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்லித்தருவது?

ஜூலை 6, கணக்காளர்

தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். சம்பளப் பாக்கி இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே அமைச்சில் சொல்ல வேண்டும், ஊரிலிருந்து கேட்பது மிகக் கடினம். திரும்பும் பயணச்சீட்டு முதலாளியின் செலவு. இங்குள்ள கணக்கில் கடைசிச் சம்பளம் விழுந்ததைப் பார்த்து, ஊருக்கு அனுப்பிவிட்டு, பிறகு கணக்கை மூடட்டும். சிங்கப்பூர் சிம் நின்றுவிட்டால் செயலியில் நுழைய முடியாது, ஆகவே சிம்மைக் கடைசியில் நிறுத்தட்டும். ஊர் போனதும் வங்கியில் தான் திரும்பிவிட்டதைச் சொல்லி, என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, சம்பளப் பதிவையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.